தேய்ந்ததைப் பார்த்து வரையாதீர்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மல்லாட்டை உடைத்து விற்கும் குழு ஒன்றின் பிரதிநிதி பேசியது. அவர் பேசிய நடையிலேயே தருகிறோம்.)



போன மாதம் நம்ம தலைவி அக்கா, "நீ கம்ப்யூட்டர்ல இரும்புச் சாமான் வரையறியாமே, அதை வந்து எல்லாருக்கும் சொல்லு" என்றார்கள். எனக்குத் தயக்கம்தான். நான் பத்தாவது முடித்தவள். கம்ப்யூட்டரைத் துடைத்து வைக்கத்தான் நமக்குத் தெரியும் என்று இரண்டு வருஷம் முன்னால் வரை நினைத்திருந்தேன். ஆனால் நான் பேசப்போவது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இல்லை, ஒரு சின்ன புஷ்ஷைப் பற்றி. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதனால் எங்கள் குழுவுக்கு ஒரு பட்டத்து விதை வியாபாரமே போச்சு.

எங்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். மானாவாரி மல்லாட்டைதான் எங்கள் பிழைப்பு. புத்தகத்தில் வேர்க்கடலை என்று போடுவார்கள், எங்கள் வாயில் மல்லாட்டைதான் வரும். குழுவில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து, சுழல் நிதியோடு எங்கள் சேமிப்பையும் போட்டு, கையால் ஆட்டி உடைக்கிற மெஷின் ஒன்று வாங்கினோம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே குறுக்கே ஒரு தண்டு போகும். அந்தத் தண்டில் கைப்பிடி மாட்டியிருக்கும். முன்னும் பின்னும் ஆட்டினால், அடியில் உள்ள வார்ப்புக் கட்டைகள் சல்லடைமேல் காயை வைத்து உரசும். ஓடு உடைந்து பருப்போடு கீழே விழும். முறத்தில் புடைத்து எடுத்தால் பருப்பு தனி, ஓடு தனி.

பருப்பு முழுசாக, மேல்தோல் கிழியாமல் விழுந்தால் விதைக்குப் போகும். இரண்டாகப் பிளந்துவிட்டால் விதைக்கு ஆகாது, எண்ணெய்க்குத்தான் போடணும். இரண்டுக்கும் விலை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தண்டு இரண்டு பக்கமும் இரும்புச் சட்டத்தில் நேராக உட்காராது. நடுவில் ஒரு புஷ் இருக்கும். கன்மெட்டலில் கடைந்த வளையம். தண்டு உருக்கு, கடினம். புஷ் அதைவிட மெத்து. வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். உரசும்போது யாராவது ஒருத்தர் தேய்ந்துதான் ஆகணும். தண்டு தேய்ந்தால் செலவு பெரிசு, புஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் புஷ் தேய்ந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. தண்டு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. தண்டு இறங்கினால் கட்டையும் சல்லடைப் பக்கம் இறங்கும். இடைவெளி குறைந்து பருப்பு பிளக்க ஆரம்பித்தது. நாங்கள் காயில் ஈரம் பத்தவில்லை, சல்லடைக் கண் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். கடைசியில் ஒருநாள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தபோது தண்டு லொடலொடவென்று ஆடியது.

புஷ்ஷைக் கழற்றி டவுனில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். "அண்ணே, இதே மாதிரி ரெண்டு போட்டுக் குடுங்க" என்றேன். அவரும் அதே மாதிரி இரண்டு போட்டுக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. மாட்டினோம். பருப்பு முன்னைக்கு இப்போ இன்னும் பிளந்தது! விதைக்கு வாங்க வந்தவர் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு மூட்டையைக் கட்டச் சொல்லாமலே போய்விட்டார்.

அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்டதைத்தான் அவர் செய்தார். நான் கொடுத்தது தேய்ந்த புஷ். அதை அளந்து கடைந்தால் தேய்ந்த புஷ்தானே புதுசாக வரும்?

இதைக் கண்டுபிடித்தது என் மகள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். லீவில் வந்தவள் அந்தப் புஷ்ஷையும் தன் டிஜிட்டல் வெர்னியரையும் எடுத்து உட்கார்ந்தாள். பழைய புஷ்ஷின் துளையை மேலும் கீழுமாக அளந்தால் 26.2 மில்லிமீட்டர். பக்கவாட்டில் அளந்தால் 25.3. "அம்மா, இது வட்டமே இல்ல, முட்டை" என்றாள். கைப்பிடியை ஆட்டும்போது பாரம் ஒரே பக்கம் விழுகிறது, அதனால் அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. புதுசாகக் கடைந்ததை அளந்தோம். நல்ல வட்டம்தான், ஆனால் 26.

அப்போ சரியான அளவு எது? புஷ்ஷிடம் கேட்டால் பொய்தான் சொல்லும். தண்டிடம் கேட்கணும். தண்டில் புஷ் உரசாத இடம் ஒன்று இருக்கும், ஓரத்தில். அங்கே அளந்தோம். 25.00. பட்டறையில் எல்லோரும் அதை "ஒரு இன்ச் தண்டு" என்றுதான் சொன்னார்கள். ஒரு இன்ச் என்றால் 25.4. நூல் கணக்குப் பார்க்கிற தச்சு வேலைக்கு இந்த 0.4 ஒன்றுமே இல்லை, புஷ்ஷுக்கு அது பெரிய ஓட்டை. அடுத்து புஷ் போய் உட்காருகிற சட்டத்து ஓட்டையை அளந்தோம், 32.00. சட்டத்தின் கனத்தையும் அளந்து, பழைய புஷ்ஷில் தேயாத பாகங்களான காலரையும் நீளத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டோம். காலர் 40 அகலம், 5 கனம். மொத்த நீளம் 40.

இந்த அளவுகளைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மகள் சொன்னாள், "இதை வரைஞ்சே வைச்சுடலாம்மா. நோட்டுல எழுதினா அடுத்த தடவை எது நீளம், எது அகலம்னு நமக்கே புரியாது."

இனி வரைகிற கதைக்கு வருகிறேன்.

அவள் காட்டிய மென்பொருள் பெயர் ஃப்ரீகேட். 2002-ல் முதலில் வெளிவந்தது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்துகொண்டே இருக்கிறார்கள். 2024 நவம்பரில்தான் 1.0 என்று எண் போட்டு விட்டார்கள். காசு கிடையாது. திருட்டுக் காப்பியும் இல்லை, யார் வேண்டுமானாலும் முறைப்படி இறக்கிக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற மென்பொருளுக்கெல்லாம் வருஷா வருஷம் பணம் கட்டணும். நமக்கு ஒரு புஷ்ஷுக்கு இது போதும், தாராளம். பொத்தான் பெயர்கள் இங்கிலீஷில் இருக்கும். பயப்பட வேண்டாம், ஒரு பத்து வார்த்தை போதும். பாங்கு சலான் நிரப்பக் கற்றுக்கொண்டோமே, அதைவிடக் குறைவுதான்.

முதலில் வெறும் திரை. நடுவில் ஒரு சிலுவை மாதிரிக் கோடு. அந்தச் சிலுவை கூடுகிற இடம்தான் மூலப்புள்ளி. கோலத்துக்கு நடுப்புள்ளி வைக்கிறோமே, அதுதான். அங்கிருந்துதான் எல்லாம் அளப்பது.

"பாடி" என்று ஒன்றை உண்டாக்கி, அதற்குள் "ஸ்கெட்ச்" திறக்கணும். ஸ்கெட்ச் என்றால் தட்டையான படம், கனம் கிடையாது. வட்டக் கருவியை எடுத்து நடுப்புள்ளியில் வைத்து இழுத்தால் ஒரு வட்டம் வரும். எவ்வளவு பெரிசு என்று அப்போது கவலைப்படக் கூடாது. முதலில் குத்துமதிப்பாக வரைந்துவிட்டு, பிறகு கட்டணும்.

இந்தக் கட்டு என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வட்டத்தைக் கட்டாமல் விட்டால் அது அவிழ்த்துவிட்ட ஆடு. எலியை வைத்து இழுத்தால் இடதுவலமாகப் போகும், மேலேகீழே போகும், பெருக்கும், சிறுக்கும். வட்டம் மூன்று விதமாகத்தான் ஓட முடியும். நடுப்புள்ளியில் கட்டிவிட்டால் முதல் இரண்டும் நின்றுபோகும். விட்டம் 40 என்று எழுதினால் மூன்றாவதும் நின்றுபோகும். அந்த நொடியில் வெள்ளையாக இருந்த கோடு பச்சையாக மாறும். பச்சை வந்தால் ஆடு முளையில் இருக்கிறது என்று அர்த்தம். பச்சை வராமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது என்பது என் மகள் எனக்குப் போட்ட சட்டம்.

அப்புறம் "பேட்" என்ற பொத்தான். இது என்னவென்று அவள் விளக்க ஆரம்பித்தாள். நான் நடுவிலேயே, "இது முறுக்கு உழக்கு தானே?" என்றேன். உழக்கில் ஒத்தை நட்சத்திர அச்சைப் போட்டுப் பிழிந்தால் மாவு அந்த நட்சத்திர வடிவிலேயே நீளமாக வரும் இல்லையா, அதேதான். தட்டைப் படம்தான் அச்சு. எவ்வளவு நீளம் பிழியணும் என்று எண் கொடுக்கணும். 40 வட்டத்தை 5 நீளம் பிழிந்தால் ஒரு தட்டை வந்தது. அதுதான் காலர்.

தட்டையின் மேல்முகத்தைத் தொட்டு, அதன்மேல் இன்னொரு ஸ்கெட்ச். 32 வட்டம், அதே நடுப்புள்ளியில். 35 நீளம் பிழிந்தேன். தட்டைமேல் ஒரு குட்டித் தூண். 5-ம் 35-ம் சேர்ந்தால் 40.

இப்போது துளை. அதற்குப் "பாக்கெட்" என்று பெயர். உளுந்து வடை தட்டி விரலால் நடுவில் குத்துகிறோமே, அந்த வேலை. மேலே ஒரு வட்டம் வரைந்து, "முழுசாக ஊடுருவு" என்று கொடுத்தால் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வரை வெட்டிவிடும். துளையின் விட்டம் என்ன போட்டோம்? 25 இல்லை, 25.05. சரியாக 25 போட்டால் தண்டு இறுகிப்போய்ச் சுற்றாது, எண்ணெய் நிற்க இடமும் இருக்காது. 0.05 என்பது மெல்லிய தலைமுடி ஒன்றின் கனம். அவ்வளவு இடைவெளி போதும். எங்கள் பழைய புஷ்ஷில் 1 மில்லிமீட்டர் இருந்தது. இருபது முடி கனம்!

பிறகு இரண்டு சின்ன வேலை. சட்டத்துக்குள் நுழையும் முனையில் ஓரத்தை 1 மில்லிமீட்டர் சீவிவிட்டோம். பட்டறையில் இதை சாம்பர் அடிப்பது என்பார்கள். அது இல்லாவிட்டால் அடித்து இறக்கும்போது ஓரம் சட்டத்தில் மாட்டிக்கொண்டு பிசிறடிக்கும். பக்கவாட்டில் எண்ணெய் விட 4 மில்லிமீட்டர் துளை ஒன்று. விதைக்கடலை உடைக்கிற மெஷினில் எண்ணெய் சொட்டக் கூடாது, ஆனால் காய்ந்தும் போகக் கூடாது, அதனால் அந்தத் துளை சின்னதாகவே இருக்கட்டும் என்றேன். அது ஒன்றுதான் நான் சொந்தமாகச் சொன்ன யோசனை!

பின்னால் இருந்து ஒரு அக்கா கேட்கிறார்கள், "இதெல்லாம் வட்டமான சாமான்தானே, குயவர் சக்கரத்துல போடற மாதிரி ஒரே சுத்துல வராதா?" நல்ல கேள்வி. வரும். பாதிக் குறுக்குவெட்டை மட்டும் வரைந்து ஒரு கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் முழு புஷ்ஷும் ஒரே தடவையில் எழும்பும். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. நான் பிழிகிற வழியில் கற்றுக்கொண்டேன், அதனால் அதையே சொன்னேன்.

வரைந்து முடித்ததும் திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அத்தனை அழகு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் தலையாட்டினார். மகள் மட்டும், "எடை என்னம்மா வருது?" என்று கேட்டாள்.

புஷ்ஷின் கன அளவை எடுத்து, கன்மெட்டல் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.7 கிராம் என்று பெருக்கினால் எடை தெரிந்துவிடும். பெருக்கினோம். 515 கிராம் வந்தது. கையில் இருக்கிற பழைய புஷ்ஷை மளிகைத் தராசில் வைத்தால் அதில் கால்வாசி கூட இல்லை. எங்கேயோ தப்பு.

தப்பு என்னுடையதுதான். விட்டம் என்று எழுத வேண்டிய இடத்தில் ஆரம் என்ற பொத்தானை அழுத்தி, அங்கே 40 என்று எழுதியிருக்கிறேன். மூன்று வட்டத்துக்கும் அதேபோல. அதனால் காலர் 80 ஆகிவிட்டது, துளை 50. எல்லாமே ஒரே கணக்கில் இரண்டு மடங்கு அகலமானதால் திரையில் பார்க்க வடிவம் கெடவே இல்லை. திரையில் பெரிசு சின்னது தெரியாது, அதை நம்பக் கூடாது. ஒவ்வொரு ஸ்கெட்ச்சையும் திறந்து விட்டமாக மாற்றினேன். மேலே ஏறியிருந்த தூண், துளை, சீவல் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டன. எதையும் அழித்து வரையவில்லை. மறுபடி கணக்குப் போட்டால் 14.8 கன சென்டிமீட்டர், சுமார் 130 கிராம்.

அன்றையிலிருந்து இரண்டு சோதனை செய்யாமல் நான் எதையும் பட்டறைக்கு அனுப்புவதில்லை. ஒன்று எடை. இன்னொன்று காகிதம். வரைந்ததை அசல் அளவிலேயே அச்செடுத்து, சாமானை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. அச்சுக் கடையில் "தாளுக்குத் தகுந்த மாதிரி" போட்டுவிடுவார்கள், அப்போது அளவு சுருங்கிவிடும். நூறு சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கினதும் ஸ்கேல் வைத்து ஒரு கோட்டை அளந்து பாருங்கள்.

எடை தெரிந்ததில் இன்னொரு லாபம். கன்மெட்டலைக் கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். 40 காலர் எடுக்க 42 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியில் 45 நீளம் வெட்டினால் அது சுமார் 540 கிராம். கடைந்து முடித்தால் நம் கைக்கு வருவது 130. மிச்சம் 410 கிராம் சீவலாகப் பட்டறைத் தரையில் கிடக்கும். அதற்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். சீவலும் கிலோ விலைக்குத்தான் போகும் என்று நமக்கு யார் சொல்கிறார்கள்? இந்தத் தடவை நான் இரண்டு கேள்வி கேட்டேன். நடுவில் துளையோடு வார்த்த கம்பி கிடைக்குமா? சீவலுக்குக் கழித்துக்கொள்வீர்களா? 22 துளையோடு கம்பி கிடைத்தது, அது 390 கிராமில் முடிந்தது. சீவலுக்கும் கொஞ்சம் கழித்தார். ஒரு புஷ்ஷுக்கு இது சின்னத் தொகைதான். வருஷத்துக்கு நாலு தடவை, நம் கூட்டமைப்பில் எத்தனை மெஷின் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இந்தத் தடவை பட்டறைக்குப் பழைய புஷ்ஷை எடுத்துப் போகவில்லை, படத்தை எடுத்துப் போனேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வெளிவிட்டத்தில் 32 இல்லாமல் 32.03 என்று இருந்ததைப் பார்த்து, "அட, இறுக்கம் விட்டிருக்கீங்களே" என்றார். சட்டத்து ஓட்டை 32, புஷ் அதைவிட 0.03 பெரிசாக இருந்தால்தான் அடித்து இறக்கியதும் ஆடாமல் நிற்கும். அதை மகள் சொல்லி நான் போட்டது. பிறகு அவர் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார். "இறுக்கி அடிச்சா புஷ் கொஞ்சம் உள்ளே ஒடுங்கும்மா. துளையை முதல்லயே 25.05-க்குக் கடைஞ்சுட்டா, அடிச்சதுக்கப்புறம் தண்டு போகாது. நான் கொஞ்சம் குறைச்சுக் கடையறேன், சட்டத்துல அடிச்சிட்டு அப்புறமா ரீமர் போட்டு 25.05 ஆக்கிக்கலாம்." அது எங்கள் இருவருக்கும் தெரியாத விஷயம். வீட்டுக்கு வந்ததும் படத்தின் அடியில், "இறக்கிய பிறகு துளை 25.05" என்று ஒரு வரி சேர்த்தேன். வரைகிறவளுக்குத் தெரிந்தது கடைகிறவருக்கு வேண்டும், கடைகிறவருக்குத் தெரிந்தது படத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அவர் கடையை மூடினால் அதுவும் போய்விடும்.

மெஷினைச் சட்டத்தோடு மாட்டு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கேயே அடித்து, ரீமர் போட்டு, தண்டை மாட்டிப் பார்த்தோம். விட்டால் தண்டு தானாகச் சுற்றியது, தூக்கினால் ஆடவில்லை. முதல் மூட்டை உடைத்தபோது நாங்கள் நாலு பேர் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பிளந்ததை மட்டும் பொறுக்கினோம். பிளந்தது இருக்கத்தான் செய்தது. மெஷினில் உடைத்தால் கொஞ்சம் பிளக்கும், அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் மூட்டையை விதைக்கு எடுத்துக்கொண்டார்கள். போன பட்டத்தில் போனது போனதுதான், அது திரும்பவில்லை.

போன மாதம் பக்கத்துப் பஞ்சாயத்துக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதே மாதிரி மெஷின், ஆனால் தண்டு 22. புதுசாக வரைய வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே கோப்பைத் திறந்தேன். வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, துளையின் ஸ்கெட்ச்சில் 25.05-ஐ 22.05 ஆக்கினேன். அவர்கள் சட்டத்து ஓட்டை 28, அதனால் 32.03-ஐ 28.03 ஆக்கினேன். மீதி எல்லாம் தானாக ஒதுங்கி உட்கார்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. என் பழைய கோப்பு அப்படியே இருக்கிறது. பெயரை மாற்றாமல் சேமித்துவிடாதீர்கள். ஒரு தடவை நான் அப்படிச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஃப்ரீகேட் போட்டிருக்கிறோம். புஷ்ஷின் கோப்பும் அதில் இருக்கிறது, அச்செடுத்த படமும் கோப்பு அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருப்பேன். மிளகாய் மெஷின், மாவு மில், கயிறு திரிக்கிற மெஷின், எதில் என்ன உடைந்தாலும் வாங்க, சேர்ந்து உட்கார்ந்து வரையலாம். ஆனால் தேய்ந்த சாமானை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வராதீர்கள். அது எதன்மேல் உட்காருகிறது, எது அதற்குள் போகிறது, அந்த இரண்டையும் கூடவே கொண்டுவாங்க. தூக்க முடியாத மெஷின் என்றால் சொல்லுங்கள், வெர்னியரை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.